குடும்பத்தோடு முதல் எல்க் வேட்டை: கொலராடோவில் எங்கே தொடங்குவது

எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன துப்பாக்கி வாங்கலாம் என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். சுட்ட பிறகு இறைச்சியை வண்டி வரை யார் சுமப்பது, எத்தனை நடை என்று முதலில் கணக்குப் போடுங்கள். எந்த உரிமத்துக்கு விண்ணப்பிப்பது, எங்கே கூடாரம் போடுவது, பிள்ளையை எவ்வளவு தூரம் கூட்டிப்போவது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து தானாக வரும்.

ஒரு சராசரி பெண் எல்க் 220 கிலோ அளவில் இருக்கும். ஆண் 300 கிலோவைத் தாண்டும். பெண் எல்க்கை எலும்போடு துண்டுபோட்டால் பின்தொடை ஒன்று 20 முதல் 25 கிலோ, முன்சப்பை ஒன்று 15 கிலோ, முதுகுக்கறியும் கழுத்தும் மற்றதும் சேர்ந்து இன்னொரு மூட்டை. மொத்தம் 90 கிலோவுக்கு மேல். பழக்கமில்லாத பெரியவர் ஒருவர் மலையில் 20, 25 கிலோ தூக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு கிலோ போதும். ஆக, அப்பா அம்மா இருவரும் ஆளுக்கு இரண்டு சுமை. சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே சுட்டால், சுமையோடு வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போய், மறுபடி சுமையோடு வர ஆளுக்கு மூன்று மைல் நடை. அதுவும் 9,500 அடி உயரத்தில், விழுந்த மரங்களைத் தாண்டி, பெரும்பாலும் இருட்டில். குடும்பத்துக்கு ஒரு மைல்தான் எல்லை என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று மைல் உள்ளே பெரிய கூட்டம் நிற்கிறதென்று யார் சொன்னாலும் சரி, கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

ஏன் கொலராடோ

அமெரிக்காவில் எல்க் அதிகமுள்ள மாநிலம் இது. இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 1900களின் தொடக்கத்தில் ஆயிரம்கூடத் தேறாத நிலை. வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டு, வேட்டையைக் கட்டுப்படுத்தி, மெல்ல மெல்லப் பெருக்கினார்கள். இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது முதலில் விசித்திரமாகத்தான் படும். இங்கே காட்டுயிர்த் துறையை நடத்தும் பணத்தில் பெரும்பங்கு உரிமக் கட்டணத்திலிருந்தும், ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்பட்டு 1937 முதல் காட்டுயிருக்கென்று ஒதுக்கப்படும் 11 சதவீத வரியிலிருந்தும் வருகிறது. எந்தப் பகுதியில் எத்தனை எல்க் குறைய வேண்டும் என்று துறை முடிவு செய்து, அதற்கேற்ற எண்ணிக்கையில் உரிமம் விடுகிறது.

அந்தத் துறையின் பெயர் கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப். அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் பெரிய விலங்கு வேட்டைக் கையேடு இலவசம். உங்களுக்கு வேதம் அதுதான். தேதி, கட்டணம், பகுதி எண் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். நான் இங்கே சொல்வதையும் அந்த வருடக் கையேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்

அக்டோபர் வேட்டைக்கு ஜனவரியில் வேலை ஆரம்பிக்கிறது. முதலில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த எல்லாருக்கும் கட்டாயம். வகுப்பில் உட்கார்ந்தும் படிக்கலாம், இணையத்திலும் படிக்கலாம். பிள்ளையோடு சேர்ந்து நேரில் போவதே நல்லது. துப்பாக்கியை எப்படிக் கைமாற்றுவது, வேலியை எப்படித் தாண்டுவது என்பதையெல்லாம் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அதோடு அப்பா அம்மாவும் மாணவராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அப்புறம் காட்டில் நீங்கள் சொல்லும் பாதுகாப்பு விதியைப் பிள்ளை உங்கள் சொந்தக் கெடுபிடியாக எடுத்துக்கொள்ளாது.

பெரிய விலங்கு வேட்டைக்குக் குறைந்த வயது 12. 12 முதல் 15 வரை உள்ளவர்களோடு 18 வயது நிரம்பிய, பயிற்சி விதியைப் பூர்த்தி செய்த பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பார்க்கும் தூரத்தில், பேசினால் கேட்கும் தூரத்தில். அந்தப் பெரியவருக்குத் தனியாக உரிமம் தேவையில்லை. முதல் வருடம் உரிமத்தைப் பிள்ளைக்கு மட்டும் எடுத்துவிட்டு, நீங்கள் பைனாகுலரும் முதுகுப்பையுமாகப் போவதே என் பரிந்துரை. இருவரும் துப்பாக்கி தூக்கினால் கவனம் இரண்டாகப் பிரியும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிப் பார்ப்பதற்குக்கூட இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு இறங்குங்கள். இதில் சிக்கல் வந்தால் அபராதத்தோடு முடியாது.

உரிமமும் குலுக்கலும்

பெரும்பாலான உரிமங்கள் குலுக்கலில்தான் கிடைக்கும். விண்ணப்பம் மார்ச்சில் திறந்து ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை வாக்கில் மூடும். கிடைக்காதவர்களுக்கு அடுத்த முறை முன்னுரிமைப் புள்ளி ஒன்று சேரும். மாநிலத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்திருந்தால் உள்ளூர்க் கட்டணம். உள்ளூர்க்காரருக்கும் வெளி மாநிலத்தவருக்கும் கட்டணத்தில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் டெக்சஸிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வர நினைப்பவர்கள் இளையோர் கட்டணத்தை முதலில் பாருங்கள். அது எவ்வளவோ குறைவு.

பிள்ளைகளுக்கு இந்த அமைப்பில் நல்ல சலுகை இருக்கிறது. கொம்பில்லாத, அதாவது பெரும்பாலும் பெண், எல்க்குக்கான குலுக்கல் உரிமங்களில் ஒரு பங்கு 12 முதல் 17 வயதுக்காரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மிச்சமானவற்றுக்குக் கோடையில் நடக்கும் இரண்டாம் குலுக்கலில் அவர்களுக்குத்தான் முதல் இடம். இதைத் தெரியாமலே பல குடும்பங்கள் முதல் குலுக்கலில் கிடைக்கவில்லையென்று அந்த வருடத்தையே விட்டுவிடுகிறார்கள்.

பெண் எல்க்குக்கே விண்ணப்பியுங்கள். பெரிய கொம்பு சுவரில் மாட்ட அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஆண் எல்க்குகள் எண்ணிக்கையில் குறைவு, சீசன் நடுவே அடர்ந்த காட்டுக்குள் போய்ப் பதுங்கிவிடும். பல பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது கொம்பின் அடியில் முன்னோக்கி நீளும் புருவக்கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பதற்றத்தில் நிற்கும் பிள்ளையை அதையும் எண்ணச் சொல்ல வேண்டுமா? பெண் எல்க்குகள் கூட்டமாகத் திரியும், சுமை குறைவு, கறியும் மென்மை. சில பகுதிகளில் குலுக்கல் இல்லாமல் நேராகக் கடையிலேயே கிடைக்கும் ரைஃபிள் சீசன் உரிமங்கள் ஆண் எல்க்குக்கானவை. அந்தக் காடுகளில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள் மரங்களுக்குச் சமமாக நிற்கும்.

இன்னொரு யோசனை. எல்க்குக்கு முன்னால் ஒரு வருடம், கிழக்குச் சமவெளியில் ப்ராங்ஹார்ன் என்னும் மான் போன்ற சின்ன விலங்கில் பெண்ணை வேட்டையாடப் போய் வாருங்கள். 45 கிலோ எடையுள்ள விலங்கு, திறந்த புல்வெளி, உயரம் குறைவு, ஒரு நடையில் தூக்கி வந்துவிடலாம். சுடுவது முதல் உரிப்பது வரை அத்தனையும் சின்ன அளவில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வெயில் இருக்கும், கறியைச் சீக்கிரம் குளிர்விக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கு உரிமம் இருந்தாலும் ஒருவர் உரிமத்தில் இன்னொருவர் சுடக் கூடாது. பிள்ளை தவறவிட்டதை அப்பா சுட்டு, பிள்ளையின் உரிமச் சீட்டை அந்த விலங்கில் கட்டினால் அது குற்றம்.

துப்பாக்கி

கொலராடோ விதிப்படி ரைஃபிள் குறைந்தது .24 காலிபர், அதாவது குழல் துளை 0.24 அங்குலம், இருக்க வேண்டும். எல்க்குக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்வது நல்லது. பெரியவருக்கு .308, .270, .30-06 எதுவும் போதும். பிள்ளைக்கு உதைப்பு குறைந்த 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மோர். தோளில் உதைத்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. முதலில் .22 ரைஃபிளில் நிறையச் சுடட்டும். பெரிய ரைஃபிளில் ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. ஈயத் தோட்டா உடலுக்குள் நொறுங்கி நுண்ணிய துகள்களாகக் கறியில் கலக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடப்போகும் கறி என்றால் முழுச் செம்புத் தோட்டாவே மேல்.

சுடுதள மேசையில் துல்லியமாகச் சுடுவது மலையில் பெரிதாக உதவாது. முக்காலியோ இரட்டைக் கோலோ வைத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, கொஞ்சம் ஓடி மூச்சு வாங்கியபடி சுட்டுப் பழக வேண்டும். பிள்ளை எந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு முறையும் தவறாமல் அடிக்கிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் எல்லை. 120 கஜம் என்றால் 120. நூற்றைம்பதில் எல்க் நின்றால் கிட்டப் போக முயலுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பூட்டி வைப்பது 2021 முதல் கொலராடோவில் சட்டம். வண்டியில் போகும்போது ரைஃபிளின் தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும்.

உடையும் உயரமும்

ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறமோ பிங்க் நிறமோ இருக்க வேண்டும், தலையிலும் வேண்டும். இலைதழை வடிவம் போட்ட கேமஃப்ளாஜ் ஆரஞ்சு கணக்கில் வராது. கூட வருகிற எல்லாருமே போட்டுக்கொள்ளுங்கள், துப்பாக்கி தூக்காத தங்கச்சியும் சேர்த்து.

பருத்தி உடை வேண்டாம். வேர்த்து நனைந்தால் காயாது, குளிர் எலும்பு வரை இறங்கும். கம்பளி அல்லது செயற்கை நூல், மேலே காற்றுத் தடுக்கும் சட்டை. பூட்ஸை ஆகஸ்டிலேயே வாங்கி நடந்து பழக்குங்கள். அக்டோபரில் காலை வெயில் அடித்து மாலை ஓரடிப் பனி கொட்டுவது சாதாரணம். டென்வரே 5,280 அடியில் இருக்கிறது, எல்க் கூடாரங்கள் பெரும்பாலும் 9,000 அடிக்கு மேல். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் முன்கூட்டியே வந்து மெல்ல ஏறுங்கள். தலைவலி, வாந்தி வந்தால் பிள்ளை சொல்லத் தயங்கும். நீங்களே கேளுங்கள். குறையவில்லையென்றால் கீழே இறங்குவதுதான் மருந்து.

சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சப்பாத்தி உருட்டி எடுத்துப் போனால் குளிரிலும் தின்னலாம். புளியோதரை கெடாது என்று நம்பிக் கொண்டுபோனால், கெடாதுதான், ஆனால் மைனஸ் ஐந்து டிகிரியில் கடித்துத் தின்ன வேண்டியிருக்கும். பிளாஸ்க்கில் ரசம் எடுத்துப் போங்கள்.

காட்டில் ஒரு நாள்

எல்க் விடியலிலும் அந்தியிலும் புல்வெளிக்கு வரும், பகலில் வடக்குச் சரிவுகளின் இருண்ட மரக்கூட்டத்தில் படுத்திருக்கும். சுடச் சட்டம் அனுமதிக்கும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி பின் வரை. ஆகவே இருட்டிலேயே போய் உட்கார வேண்டும். முந்தின நாள் பகலில் அந்த வழியை நடந்து பார்த்திருந்தால் பிள்ளைக்குப் பயம் இருக்காது.

எல்க்கின் கண்ணையும் காதையும்விட அதன் மூக்குத்தான் நமக்கு ஆபத்து. சரிவில் காலையில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறினால் மேல்நோக்கித் திரும்பும். காலையில் மேலிருக்கும் எல்க்கை நோக்கிக் கீழிருந்து ஏறலாம். பத்து மணிக்கு அதே வழியில் போனால் நீங்கள் காலையில் தின்ற ஊறுகாய் வரை அதற்குத் தெரிந்துவிடும். வாசனை நீக்கும் ஸ்பிரேக்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். சின்ன டப்பாவில் பவுடர் எடுத்துப் போய் அவ்வப்போது தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

குடும்பமாகப் போவதில் பெரிய லாபம் கண்கள். எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் 8x42, 10x42 பைனாகுலரோடு நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு சரிவைத் துழாவலாம். சைவம் சாப்பிடுகிற அம்மாவோ அக்காவோ துப்பாக்கியைத் தொடாமலே இதில் கெட்டிக்காரியாகிவிடுவார். வரைபடச் செயலி ஒன்றை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தனியார் நில எல்லை அதில் தெரியும். கொலராடோவில் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றித் தனியார் நிலத்தில் வேட்டையாடக் கூடாது.

அடையாளம் தவறக் கூடாது. எல்க்குக்கு வெளிர்பழுப்பு உடல், கருத்த கழுத்து, பின்புறம் வெளிறிய திட்டு. உடல் முழுக்கக் கருத்து, மூக்கு தொங்கி நின்றால் அது மூஸ், எல்க்கைவிடப் பெரிய இன்னொரு மான் இனம். கொலராடோவில் 1978 முதல் மூஸைக் கொண்டுவந்து விட்டார்கள், வருடந்தோறும் அவசரக்காரர்கள் எல்க் என்று நினைத்து அதைச் சுட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து ஓநாய்களும் விடப்பட்டிருக்கின்றன, அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

சுட வேண்டிய இடம் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்று அப்பால் திரும்பி நிற்கலாம். நேராக நம்மைப் பார்த்து நின்றாலோ பின்புறம் காட்டினாலோ சுடக் கூடாது. பின்னால் இன்னொரு எல்க் இருக்கிறதா, மண்மேடு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை "வேண்டாம், என்னால் முடியவில்லை" என்றால் அத்தோடு விடுங்கள், ஏன் என்றுகூட அப்போது கேட்க வேண்டாம். சுட்டுவிட்டால் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றச் சொல்லுங்கள். எல்க் வலிமையான விலங்கு, நின்றுகொண்டிருந்தால் மறுபடி சுட வேண்டும். ஓடி மறைந்தால் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு இரத்தத் தடத்தைப் பின்தொடருங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாநில அளவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் விலங்கு கிடைக்கிறது. கிளம்பும் முன்பே பிள்ளைக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

விழுந்த பிறகு

முதல் வேலை உரிமச் சீட்டைப் பிரித்துக் கையெழுத்திட்டுத் தேதி போடுவது. அப்புறம் புகைப்படம். அப்புறம் உடனே தோல்.

எல்க்கின் தோல் தடித்த கம்பளி. அதை உரிக்காமல் விட்டால், வெளியே பனி பெய்தாலும் தொடை எலும்பை ஒட்டிய கறி உள்சூட்டில் கெட்டுவிடும். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத் தோலை உரித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்து என்று எடுத்து, புரட்டிப்போட்டு மறுபக்கமும் அதேபோல் எடுக்கும் முறை புதியவர்களுக்கு எளிது. குடலைக் கிழிக்கும் ஆபத்து இல்லை. முதுகெலும்புக்கு உள்பக்கம் உள்ள மென்கறியைக் கடைசியில் விலாவுக்குப் பின்னாலிருந்து கைவிட்டு எடுக்கலாம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும், அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். உண்ணத்தக்க கறியை விட்டுவருவதும் குற்றம். இரண்டு கூரிய கத்திகள், கையுறை, காற்றோட்டமான துணிப்பைகள், தலைவிளக்கு ஆளுக்கொன்று. இவ்வளவு போதும். கறிப்பைகளை நிழலில் மரக்கிளையில் தொங்கவிட்டு, முதல் சுமையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். இருட்டினால் பிள்ளை வண்டியில் இன்னொரு பெரியவரோடு இருக்கட்டும். கருங்கரடி வாசனை பிடித்து வரலாம், திரும்பிப் போகும்போது சத்தம் போட்டுக்கொண்டே போங்கள்.

ஒரு எல்க்குக்குப் பெரிய குளிர்ப்பெட்டி இரண்டு வேண்டும். பனிக்கட்டி உருகி நிற்கும் தண்ணீரில் கறி ஊறக் கூடாது, வடிகால் மூடியைத் திறந்தே வையுங்கள்.

அடுத்தது சிடபிள்யூடி என்னும் மூளைச் சிதைவு நோய். 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. மான் இனங்களைக் கொல்லும் நோய். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. எவ்வளவு வேகவைத்தாலும் இது அழியாது. தலையைத் துறையின் பரிசோதனை மையத்தில் கொடுத்தால் முடிவு சொல்வார்கள். முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் இருக்கட்டும். நம் வீடுகளில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மூளை, கண், தண்டுவடம், சுவரொட்டி, நிணநீர்க் கட்டிகள் எதையும் தொடாதீர்கள். மூளை வறுவல் ஆசையை ஆட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றபடி சமையல் எளிது. எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, மட்டன்போல நினைத்து நீண்ட நேரம் வதக்கினால் முதுகுக்கறி செருப்பாகிவிடும். அதை மிளகு உப்பு மட்டும் போட்டு, சூடான இரும்புக் கல்லில் உள்ளே சிவப்பு மாறாமல் எடுங்கள். தொடையில் சுக்கா செய்யலாம், நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும். காலும் கழுத்தும் குக்கருக்கு. சில்லறைத் துண்டுகளைக் கொத்துக்கறியாக அரைத்து, கொஞ்சம் ஆட்டுக்கொழுப்பு சேர்த்தால் கோலா உருண்டை உதிராது. கொலராடோவின் வறண்ட காற்றில் உப்புக்கண்டம் போட ஆசை வரும். ஈயும் தூசியும் உள்ள முற்றத்தைவிட உலர்த்தும் இயந்திரம் பாதுகாப்பானது.

பொட்டலம் ஒவ்வொன்றிலும் பாகமும் தேதியும் எழுதி, காற்றில்லாமல் அடைத்து உறையவைத்தால் ஒரு வருடம் வரும். நண்பர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் யார் கொடுத்தது, உரிம எண், என்ன கறி, எவ்வளவு, எப்போது சுட்டது என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டும் கூடவே போக வேண்டும். காசுக்கு விற்கக் கூடாது, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக் கடையில்கூட.